கொண்டைக்காரியின் புருஷன்

தன் மனைவியின் முகம் தன் மனைவிக்குச் சொந்தமில்லை என்கிற விஷயம், கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்துத்தான் லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியவந்தது. அதுவரை அவர் அந்த முகத்தைத் தினமும் இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

எல்லாம் ஒரு மேடைப் பேச்சில் ஆரம்பித்தது. மெக்கானிக்கின் மனைவி வேலை பார்த்த சோப்புக் கம்பெனிக்கு வயது தொண்ணூறு. அதன் சலவை சோப்பைக் கம்பெனி வைத்த பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை. உறைமேல் கொண்டை போட்ட ஒரு பெண்ணின் முகம் இருக்கும். அதனால் கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும், 'கொண்டைக்காரி ரெண்டு குடுங்க' என்பார்கள். தொண்ணூறாம் ஆண்டு விழாவில் கம்பெனித் தலைவர் பேசினார். பேச்சை எழுதிக் கொடுத்தவருக்குக் கொஞ்சம் கவிதைப் பழக்கம் உண்டு. 'இந்த முகம் வெறும் ஓவியமல்ல, இவள் நம் நடுவே வாழ்கிறாள்' என்று எழுதி வைத்துவிட்டார். தலைவர் பக்கம் புரட்டும்போது இடம் தவறி அதை இரண்டு தடவை வாசித்தார். இரண்டு தடவை சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று பத்திரிகைக்காரர்கள் நினைத்தார்கள். எங்கே வாழ்கிறாள், காட்டுங்கள் என்றார்கள்.

அது ஒரு பேச்சு நயம் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் தலைவர் தவறாக ஒன்றைச் சொன்னார் என்பதற்குத் தொண்ணூறு வருஷக் கோப்புகளில் ஒரு காகிதம்கூடக் கிடையாது. முதல் காகிதத்தைச் சேர்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஆகவே அவளைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி, சோப்பின் பெயரையும் படத்தையும் கட்டிக் காக்கிற பிம்பத்துறைக்கு உத்தரவு போயிற்று.

பிம்பத்துறை தலைமை அலுவலகத்தின் நாலாவது மாடி முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே முப்பத்தோரு பேர் வேலை பார்த்தார்கள். சோப்புக் காய்ச்சுகிற பகுதியில் பத்தொன்பது பேர். அந்த முப்பத்தோரு பேரும் பழைய பெட்டிகளைக் கிளறியதில் ஒரு சங்கதி வெளியே வந்தது. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் உறையின் படத்தைப் புதுப்பித்த ஓவியர், மாதிரிக்கு ஆள் தேடிப் போகச் சோம்பல்பட்டு, மேஜைமேல் கிடந்த அடையாள அட்டைப் படங்களில் ஒன்றைப் பார்த்து வரைந்திருக்கிறார். அது உறை சுற்றும் பிரிவில் அப்போதுதான் சேர்ந்த ஒரு பெண்ணின் படம். அந்தப் பெண்தான் மெக்கானிக்கின் மனைவி. தினம் எட்டு மணி நேரம் தன் முகத்தாலேயே சோப்பைச் சுற்றிச் சுற்றி அடுக்கிக்கொண்டு, அவள் இருபத்து மூன்று வருஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜைக்காரி மட்டும் ஒருதரம், "ஏண்டி, இவ மூக்கு உன் மூக்கு மாதிரியே இல்ல?" என்று கேட்டிருக்கிறாள். "மூக்குன்னா இப்பிடித்தாண்டி இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சோப்பை எடுத்திருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிம்பத்துறை மேலாளர் குடியிருப்புக்கு வந்தார். கம்பெனி கட்டிக் கொடுத்த குடியிருப்பு, மூன்றாவது மாடி. மேலாளர் முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. மிகவும் மரியாதையானவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தடித்த புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"முதல்ல வாழ்த்துகள் மேடம். இன்னையிலேர்ந்து நீங்கதான் முகம்."

"நேத்து வரைக்கும்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"நேத்து வரைக்கும் கண்டுபிடிக்கப்படாத முகம் சார்."

மெக்கானிக்கின் மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண். நாலு மாதத்தில் அவளுக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். மாப்பிள்ளை செயற்கைப் பல் செய்கிற தொழில்.

மேலாளர் புத்தகத்தைப் பிரித்தார். 'முக விதிகள்', இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். உறையிலும் விளம்பரப் பலகையிலும் வண்டியிலும் முகத்தை எப்படி அச்சடிக்க வேண்டும் என்று கம்பெனி எழுதி வைத்திருந்த புத்தகம். இதுவரை அச்சகக்காரர்கள்தான் அதைப் படித்துப் பயந்தார்கள்.

"இது ஒண்ணும் புதுசு இல்ல. உங்க படத்துக்கு இத்தன வருஷமா இருக்கற விதிதான். படமும் நீங்களும் ஒண்ணுன்னு ஆயிட்டதால இப்ப உங்களுக்கும் பொருந்தும். முதல் விதி, வெற்றிடம். முகத்தோட அகலம் எவ்வளவோ அதுல மூணு பங்கு, நாலு பக்கமும் காலியா இருக்கணும். அதுக்குள்ள வேற எழுத்து, வேற உருவம் எதுவும் வரக் கூடாது."

பையிலிருந்து ஒரு அளவுநாடாவை எடுத்து அவள் முகத்தை அளந்தார். பதினாலு சென்டிமீட்டர். மூன்று பங்கு நாற்பத்திரண்டு. சோபாவில் மெக்கானிக் உட்கார்ந்திருந்த இடம் பதினெட்டில் இருந்தது.

"சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அவர் தள்ளினார்.

"தோள் இன்னும் உள்ள இருக்கு சார்."

சோபாவின் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டார்.

"சட்டைப் பைல என்ன சின்னம் அது, மஞ்சளா?"

"எங்க கம்பெனி. லிஃப்ட் கம்பெனி."

"பாத்தீங்களா. முகத்துக்குப் பக்கத்துல இன்னொரு நிறுவனத்தோட சின்னம் வந்தா, ரெண்டுக்கும் ஏதோ உறவுன்னு வாடிக்கையாளர் நினைச்சுடுவாங்க."

"உறவு இருக்கே. நான் அவ புருஷன்."

"அது தனிப்பட்ட உறவு சார். நான் நிறுவன உறவச் சொல்றேன்."

பிறகு மற்ற விதிகள் வந்தன. முகத்தை ஏழு டிகிரிக்கு மேல் சாய்க்கக் கூடாது. இழுக்கக் கூடாது, அமுக்கக் கூடாது. அனுமதிக்கப்பட்ட மூன்று பின்னணி நிறங்களைத் தவிர வேறு நிறத்தின் முன் வைக்கக் கூடாது. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே சிறிதாக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியின்படி அவள் இனிமேல் பால்கனியில் துணி காயப்போட முடியாது. தெருவில் போகிறவனுக்கு மூன்றாவது மாடியில் முகம் மிகச் சின்னதாகத் தெரியும்.

மெக்கானிக்கின் மனைவி இப்போது மெதுவாகக் கேட்டாள்: "பொண்ணுக்குக் கல்யாணம் வருது. அழலாமா?"

மேலாளர் அக்கறையோடு பக்கங்களைப் புரட்டினார். 'ஈரம்' என்று ஒரு தலைப்பு இருந்தது.

"முகம் ஈரமா இருக்கலாம் மேடம். ஆனா அது சோப்பு சம்பந்தப்பட்ட ஈரமா இருக்கணும்."

"எங்கம்மா இந்த வேலைய விட்டுட்டாங்கன்னா?" என்று சமையலறை வாசலிலிருந்து மகள் கேட்டாள்.

"தாராளமா விடலாம்மா. தொழிலாளிக்கு ராஜினாமா பண்ண உரிமை இருக்கு. முகத்துக்குத்தான் இல்ல." மேலாளர் ஒரு பழுப்பேறிய காகிதத்தை எடுத்துக் காட்டினார். அடையாள அட்டையைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. அதன் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், முகமும் அது பிற்காலத்தில் அடையக்கூடிய எல்லா வடிவங்களும் நிறுவனத்துடையவை என்று இருந்தது. அதற்குக் கீழே முப்பத்திரண்டு வயதில் அவள் போட்ட கையெழுத்து. "மேடம் போகணும்னா முகத்த எங்ககிட்ட ஒப்படைச்சுட்டுப் போகலாம். நடைமுறையில கொஞ்சம் சிரமம். அதனாலதான் யாரும் கேக்கறதில்ல."

இதில் மெக்கானிக்குக்குக் கைவிட்டுப் போனது என்னவென்று வெளியாட்களுக்கு விளங்காது. தினமும் காலையில் அவர் தம் ஸ்கூட்டரில் அவளைச் சோப்புக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுத்தான் தம் வேலைக்குப் போவார். சாயங்காலம் கூட்டி வருவார். போக ஆறு நிமிஷம், வர ஆறு நிமிஷம். அவர் முன்னால் பார்த்துக்கொண்டு, எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் யாரை வைத்துக்கொண்டு நின்றுபோனது என்று சொல்லுவார். அவள் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு பாதியைக் கேட்பாள், பாதியைக் காற்று கொண்டுபோகும். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அடுப்பு, துணி, மகள், மின்கட்டணம் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். அந்தப் பன்னிரண்டு நிமிஷம்தான் அவர்களுடைய குடித்தனம்.

திங்கட்கிழமையிலிருந்து கம்பெனிக் கார் வந்தது. அவள் பின் இருக்கையின் நட்ட நடுவில், இரண்டு பக்கமும் வெற்றிடம் விட்டு உட்கார்ந்து போனாள். மெக்கானிக் ஸ்கூட்டரில் காருக்குப் பின்னாலேயே போனார். முதல் நாள் சிக்னலில் கார் நின்றபோது, ஜன்னலோரம் போய், "நேத்து அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டு இருக்கே..." என்று ஆரம்பித்தார். டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டான். அவனுக்கும் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்கு ஆட்கள் வந்து பச்சையாக இருந்த சமையலறைச் சுவரை வெள்ளையடித்தார்கள். மாதம் ஒருமுறை ஒருவர் வந்து தலைமுடியில் நரை எத்தனை என்று எண்ணிக்கொண்டு போனார். யாராவது பேசினால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பது அவள் வழக்கம். அதை விட்டதில் கழுத்து பிடித்துக்கொண்டது. "எதுக்குங்க இப்பிடி ராணுவத்துல நிக்கற மாதிரி நிக்கறேன்னு கடைக்காரர் கேக்கறாரு" என்றாள். "நீ என்ன சொன்ன?" "ஏழு டிகிரின்னேன். காய்ச்சலான்னு கேட்டாரு."

மூன்று வருஷத்தில் அவளுக்கு ஓய்வு. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் சோபாவின் ஓரத்திலும் மற்றவர் நடுவிலும் உட்கார்ந்துதான் பேசினார்கள். மேலாளர் முன்னறிவிப்பு இல்லாமல் வருவார்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. பத்திரிகைகளில் அவள் படம் வந்ததும், கம்பெனிக்குக் கடிதங்கள் குவிந்தன. பாதிக் கடிதங்களில் ஒரே கேள்வி. கொண்டைக்காரிக்குப் புருஷன் இருக்கிறானா? பிம்பத்துறை நாலாயிரம் பேரிடம் கருத்துக் கேட்டது. வெளிநாட்டில் இருக்கிறான் என்று நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர் சொன்னார்கள். நல்ல மனுஷன், பாவம், செத்துப்போய்விட்டான் என்று இருபத்தொன்பது பேர். மற்றவர்களுக்கு அவன் உயரமானவன், முன்பக்கம் மட்டும் கொஞ்சம் நரைத்தவன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறான் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"இருக்கறத அப்பிடியே ஏத்துக்கறது பிம்பம் இல்ல," என்று தலைவர் துறைக் கூட்டத்தில் பேசினாராம். "வாடிக்கையாளர் நெஞ்சுல ஏற்கெனவே ஒரு கணவர் இருக்கார். அவர வெளிய எடுத்து மேடத்துக்குப் பக்கத்துல நிறுத்த வேண்டியது நம்ம கடமை. உண்மை என்னங்கறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்விய நம்ம நிறுவனம் இன்னும் முடிவு பண்ணல."

அடுத்த வாரம் 'முகத்தின் கணவர் தேவை' என்று விளம்பரம் வந்தது. உயரம், நிறம், புன்னகை. முன் அனுபவம் இருந்தால் நல்லது.

மெக்கானிக் விண்ணப்பம் போட்டார். வேறு என்ன செய்வார்? முன் அனுபவம் என்ற இடத்தில் 'இருபத்தாறு வருஷம், ஒரே இடத்தில்' என்று எழுதினார். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். தம் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைக் கடன் வாங்கித்தான் போட்டிருந்தார், அந்தக் கோட்டுக்காரர் இப்போது இல்லை. ஆகையால் மாப்பிள்ளையின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் நடுவில்.

"முகத்தோட கண் என்ன நிறம்?" என்றார் ஒருவர்.

"பழுப்பு. இடது கண்ணு கொஞ்சம் தேன் மாதிரி. வெயில்ல பாத்தாத்தான் தெரியும்."

அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நானூத்திப் பன்னெண்டாம் நம்பர் பழுப்பு. ரெண்டு கண்ணும்."

"மனைவியப் பாத்து சிரிக்கற மாதிரி சிரிங்க சார்," என்றார் இன்னொருவர்.

மெக்கானிக் சிரித்தார்.

"ஆரம்பிக்கலாம் சார்."

"சிரிச்சுட்டேனே. வீட்ல இது போதும்."

கடைசியில் மனைவியை வரவழைத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் விட்டுத்தான். மூன்று பேரும் தலையைச் சாய்த்து, எழுந்து, நடந்து, திரும்பி வந்து பார்த்தார்கள். ஏழு டிகிரி விதி அவர்களுக்குக் கிடையாது. மேலாளர் வருத்தத்தோடு சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க நல்லவர்தான். ஆனா ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டின்னு பாக்கறவங்க நம்ப மாட்டாங்க."

அவருக்கு மூன்றாவது இடம் கிடைத்தது. காத்திருப்போர் பட்டியலில் வைத்திருப்பதாகக் கடிதம் வந்தது.

முதலிடம் ஒரு நடிகருக்குப் போயிற்று. காப்பீட்டு விளம்பரங்களில் குடை பிடிக்கிற அப்பாவாக வருவாரே, அவர்தான். ஆறடி உயரம், அளந்து விட்ட மாதிரி முன்பக்கத்து நரை, இரண்டு முழங்காலிலும் வலி. குடும்பப் பயிற்சிக்கென்று வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்தார். வெற்றிட விதி அவரைக் கட்டுப்படுத்தாதா என்று மகள் கேட்டதற்கு, "அவரையும் சேத்துத்தான் வெற்றிடத்த வடிவமைச்சிருக்கோம்" என்று பதில் வந்தது. அவர் சோபாவில் மெக்கானிக்கின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார, மெக்கானிக் சாப்பாட்டு மேஜை நாற்காலிக்கு மாறினார்.

நடிகர் நல்ல மனுஷர். கொஞ்ச நேரம் கழித்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெக்கானிக்கிடமே வந்து உட்கார்ந்துவிடுவார்.

"மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. எனக்கும் வீட்ல ஒருத்தி இருக்கா. டிவில என்னைய வேற வேற பொண்டாட்டியோட பாத்து அவளுக்குப் பழகிப்போச்சு."

"உங்களுக்கு?"

"எனக்கு வீட்டுக்குப் போனா என்ன பேசறதுன்னு தெரியல. யாரும் எழுதித் தர மாட்டேங்கறாங்க."

"முட்டிக்குக் களிம்பு இருக்கு, தரட்டுமா?" என்றார் மெக்கானிக். சோபாவிலிருந்து மனைவி, தலையை நேராக வைத்துக்கொண்டு, "அந்தப் பச்சை டப்பா இல்லங்க, நீலம். பச்சை உங்க லிஃப்ட்டுக்குப் போடற கிரீஸ்" என்றாள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. மேலாளர் பட்டியலோடு வந்தார். முகத்தின் மகள் கல்யாணம் என்பதால் பன்னிரண்டு பத்திரிகைகள் வரும். வரப்போகும் படங்களில் அங்கீகரிக்கப்பட்ட குடும்பம் மட்டுமே இருக்க வேண்டும். முகம், முகத்தின் கணவர், மணமக்கள். மாப்பிள்ளையின் பற்கள் பரிசீலிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டன.

"எங்கப்பா?" என்றாள் மகள்.

"அவரோட ஒத்துழைப்புக்கு நிறுவனம் எப்பவும் நன்றி சொல்லும்."

"எனக்கு ரெண்டு அப்பா வேணாம். இருக்கற ஒரு அப்பாவே சில நாள் அதிகமாத் தெரியறாரு. ஆனா பதிவு ஆபீஸ் ரூமுக்குள்ள அவர் இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க ஒரு பொண்ணையும் விளம்பரம் குடுத்துத் தேடிக்குங்க."

அதிகமாகத் தெரிகிறார் என்று சொன்னது மெக்கானிக்குக்கு நெஞ்சில் குத்தினாலும், மீதி இனித்தது. மேலாளர் பால்கனிக்குப் போய் நாலாவது மாடியோடு நாற்பது நிமிஷம் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்தபோது களைத்திருந்தார்.

"அப்பா ரூமுக்குள்ள இருக்கலாம். ஆனா தெரியக் கூடாது."

ஒரு அறைக்குள் இருந்துகொண்டே எந்தப் படத்திலும் தெரியாமல் இருக்கக்கூடிய ஆள் யார் என்று எல்லாரும் யோசித்தார்கள். கண்டுபிடித்துச் சொன்னவர் நடிகர்தான். "போட்டோ எடுக்கறவர்" என்றார்.

பதிவு அலுவலகம் பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. நீள மேஜை, தலைக்கு மேல் டிக்டிக்கென்று ஒரு மின்விசிறி. பத்திரிகைக்காரர்கள் கயிற்றுக்கு அப்பால். கம்பெனியின் புகைப்படக்காரர் தம் கனமான காமிராவை மெக்கானிக்கின் கழுத்தில் மாட்டி, எந்தப் பித்தானை அமுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

பதிவாளர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். "பொண்ணோட அப்பா?"

நடிகர் சட்டென்று மெக்கானிக்கைக் கை காட்டினார். பதிவாளர் காமிரா தொங்கும் ஆளைப் பார்த்தார், உயரமானவரைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார்.

"போடலாம் சார்," என்றார் மேலாளர். "கையெழுத்துல ஆள் தெரியாது."

மெக்கானிக் அப்பாவாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போட்டோக்காரராக எதிர்ப்பக்கம் போய் நின்றார். எதிரே அவர் குடும்பம் அணிவகுத்திருந்தது. மாலையும் இல்லாமல் பூவும் இல்லாமல் விறைப்பாக நின்ற மகள். பல் தெரியச் சிரித்த மாப்பிள்ளை. மனைவியின் தோளுக்குப் பக்கத்தில் நடிகர். மனைவி, விதிப் புத்தகம் அனுமதித்த ஐந்து மில்லிமீட்டர் புன்னகையோடு நேராக நின்றாள். மெக்கானிக் காமிராவைக் கண்ணில் வைத்தார். எல்லாம் ஒரே இருட்டாகத் தெரிந்தது. கண்தான் கலங்கிவிட்டது போலிருக்கிறது என்று துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மறுபடியும் இருட்டு.

"என்னங்க," என்றாள் மனைவி. "முன்னாடி மூடி இருக்கு. கழட்டுங்க."

அவர் மூடியைக் கழற்றினார். கண்ணாடிக்குள் அவள் முகம் வந்தது. தலை சாய்ந்திருந்தது. இருபது டிகிரியாவது இருக்கும். அந்தப் பார்வையை விவரிப்பது கஷ்டம். இப்படி ஒரு அசட்டு மனுஷனைக் கட்டிக்கொண்டு என்ன செய்ய என்று ஒரு பங்கு, இந்த அசட்டு மனுஷனை விட்டால் எனக்கு யார் என்று ஒரு பங்கு, ஓரத்தில் சோப்புக்குச் சம்பந்தமில்லாத ஈரம் கொஞ்சம். அவர் பித்தானை அமுக்கினார்.

படம் நாலாவது மாடிக்குப் போயிற்று. விதி மீறல் என்று அதைக் கிழிக்க எடுத்த கை அப்படியே நின்றுவிட்டதாகக் கேள்வி. தலைவர் வரவழைக்கப்பட்டார். இருபது வருஷமாக நம் முகத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்று மூன்று ஆலோசனை நிறுவனங்கள் தேடினவே, அது இதுதான் என்றார். புத்தகத்தில் ஏழு டிகிரியை வெட்டி இருபதாக்கினார்கள். நடிகரின் தோளை வெட்டினார்கள். வெற்றிடம் விட்டார்கள். ஆறு வாரத்தில் புது உறை கடைகளில் இருந்தது.

மெக்கானிக் கடையில் நின்று அதைப் பார்த்தார். அடுக்கடுக்காக நூற்றுக்கணக்கான கொண்டைக்காரிகள், அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "என்னையே பாக்கற மாதிரி இருக்குல்ல?" என்றார். பக்கத்தில் நின்ற கிழவர், "உன்ன எதுக்குய்யா பாக்கறா, என்னப் பாக்கறா" என்று இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

மெக்கானிக்குக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. நேரே நாலாவது மாடிக்குப் போனார். "மேடம், அந்தப் பார்வ எப்பிடி வந்துச்சுன்னு நீங்க யோசிச்சுப் பாக்கணும். அவ என்னைத்தான் பாத்தா. நான் பக்கத்துல இருந்தாத்தான் அது வரும். மறுபடி ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறேனே. வேற ஒண்ணும் வேணாம்."

மேலாளர் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "சார், உறைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கா? வாடிக்கையாளர். மேடம் பாத்தது வாடிக்கையாளரத்தான். அன்னைக்குத் தற்செயலா நீங்க அவரோட இடத்துல நின்னுட்டீங்க. அதப் பத்தி நாங்க நடவடிக்கை எதுவும் எடுக்கல."

ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மேற்படி பார்வை நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்யப்பட்டுள்ளது. இனி அதை நிறுவனத்தின் படப்பிடிப்புகளில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். அடிக்கடி பயன்படுத்தினால் பார்வை தேய்ந்துபோகும் என்று நிபுணர்கள் கருதுவதால், வீட்டு உபயோகம் முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும். பார்வை தேய்ந்தது தெரியவந்தால் புதிய முகம் தேர்ந்தெடுக்கப்படும். அந்த நிலையில், வாடிக்கையாளர் குழப்பத்தைத் தவிர்க்க, பழைய முகம் ஏழு வருஷம் வெளியே புழங்கக் கூடாது.

ஏழு வருஷம் என்றால் மகள் வீட்டுக்குக்கூடப் போக முடியாது. இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

அடுத்த படப்பிடிப்பு வெள்ளிக்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் மெக்கானிக் வேலையிலிருந்து வந்தார். மனைவி வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்தவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

"இன்னைக்கு அந்த வங்கிக் கட்டடத்துல," என்றார், "ரிப்பேர் பண்ணப் போன நானே உள்ள மாட்டிக்கிட்டேன். அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல. டூல்ஸ் பை வெளிய இருக்கு. அவசரத்துக்கு ஒரு நம்பர் ஒட்டியிருப்பாங்கல்ல, அதப் பாத்து அடிச்சேன். எங்கேஜ்டு. மறுபடி அடிச்சேன். எங்கேஜ்டு. யாருடா இவன், ஆபத்துல இருக்கேன், இவன் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கான்னு ஒரே கோவம்."

"அப்பறம்?"

"ஆறாவது தடவதான் பாத்தேன். அது என் நம்பர்."

மடித்துக்கொண்டிருந்த துணியில் அவள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அடங்கிய பிறகும் அவள் திரும்பவில்லை. அவள் கழுத்து மட்டும் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்து, நின்று, நிமிர்ந்தது.

"திரும்பாத," என்றார் அவர். "வெள்ளிக்கிழமை அந்தப் பார்வ வரணும்ல."

"தெரியுதுங்க." அடுத்த துணியை எடுத்து ஓரம் பார்த்து மடித்தாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "பாத்துட்டேன்னு வெச்சுக்குங்க."

"சரி" என்று சொல்லிவிட்டு, ஒற்றைப் பூட்ஸைக் கையில் பிடித்தபடி, மெக்கானிக் பார்க்கப்பட்ட மனுஷனைப் போல உட்கார்ந்திருந்தார்.